துரைசானிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்களில் மீசை வைத்த ஆண்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் மீசை என்று மொட்டையாகச் சொன்னால் அது பொன்னுவேலின் மீசைதான். முப்பத்தோரு வருஷமாகக் கத்தரிக்கோலைத் தவிர வேறு இரும்பு அதன் மேல் பட்டதில்லை. ஒரு முறை காபிக் காட்டுக்குள் காட்டுமாடு ஒன்று அவருக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தது. இந்த ஆள் நம்மைவிடப் பெரிய கொம்பு வைத்திருக்கிறான் என்று முடிவுசெய்து, வழியை விட்டு ஒதுங்கிப் போய்விட்டது. இதற்குச் சாட்சி அந்த மாடு மட்டும்தான் என்பதால் ஊரில் சிலர் நம்புவதில்லை.

நம்பாதவர்களில் முதல் ஆள் சூசைமாணிக்கம். மேட்டுப் பங்களா எஸ்டேட்டின் ரைட்டர். ஆள் வருகை எழுதுவதும் கடிதம் எழுதுவதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. மழமழவென்று சவரம் செய்த முகம். பொன்னுவேல் அதே எஸ்டேட்டில் பங்களாத் தோட்டத்து ரோஜாக்களைப் பார்த்துக்கொள்பவர். இருவரும் இருபத்தாறு வருஷமாக நாகலூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தே வயதானவர்கள். பனி இறுகிக் கிடந்த ஒரு காலையில் பொன்னுவேல் சைக்கிளைப் பனியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்க வந்தாராம். வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகுதான் சைக்கிள் தடாலென்று விழுந்ததாம். இதைக் கேட்டுவிட்டு சூசைமாணிக்கம் கேட்ட ஒரே கேள்வி, அன்றைக்கு என்ன கிழமை என்பதுதான். செவ்வாய் என்றார் பொன்னுவேல். அந்தச் செவ்வாய்க்கிழமை சைக்கிள் பஞ்சர் கடையில் கிடந்ததை ரைட்டர் குறித்து வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட பொன்னுவேல் வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தில் பொய் கலக்காமல் இருந்தார். அது துரைசானியின் கல்யாணம்.

துரைசானி என்பது பங்களாப் படிக்கட்டு ஓரம் நிற்கும் ரோஜாச் செடி. அடித்தண்டு ஆளின் கெண்டைக்கால் பருமன். கருஞ்சிவப்புப் பூ. யார் நட்டது, எந்த ஊர்ச் செடி, ஒருவருக்கும் தெரியாது. வருஷம் முழுக்கப் பூத்துக் கொட்டுவாளே தவிர, தானாக ஒரு காய் பிடித்ததில்லை. தோட்டத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் பொன்னுவேல் இதைக் கவனித்தார். இவ்வளவு லட்சணமான பெண்ணுக்கு ஒரு வரன் அமையவில்லையே என்று அவருக்கு மனது கேட்கவில்லை.

அன்று தொடங்கியது. வெயில் ஏறுமுன் துரைசானியின் மொட்டு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை மனைவி குப்பாயியின் முள்வாங்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிடுவார். மறுநாள் வேறொரு ரோஜாவின் மகரந்தத்தைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து, கோழியின் கழுத்து இறகால் மெல்லத் தொட்டு வைப்பார். மேலே ஒரு காகிதப் பையைக் கட்டுவார். பத்து நாள் கழித்துப் பை அவிழும். பூவின் அடிவயிறு பச்சையாக உப்பியிருந்தால் சம்பந்தம் கூடியது என்று பொருள். மஞ்சளாகி உதிர்ந்தால் கூடவில்லை. ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் மூன்று வருஷம், வருஷத்துக்கு மூன்று தரம். தோட்டத்தில் துரைசானியைத் தவிர நாற்பத்து மூன்று வகை ரோஜா இருந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

பழைய செக்ரோல் நோட்டு ஒன்றில், ஆள் வருகை எழுதும் கட்டங்களுக்குள், எல்லாம் எழுதியிருந்தார். நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் காய் பிடித்த இருபத்து நான்கு பேர். அவர்கள் துரைசானிக்கு மாமன் மச்சான் முறை. வலது பக்கம் காய் பிடிக்காத பத்தொன்பது பேர். மாட்டுக் கொட்டகை மேல் படர்ந்து கொத்துக் கொத்தாய் வெள்ளையாகப் பூக்கும் கொடி ரோஜா, தொட்டியில் இருக்கும் பொத்தான் ரோஜா எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் அவளுக்குப் பங்காளிகள். ஒரே வகையறாவுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை அல்லவா. அதனால்தான் காய் பிடிக்கவில்லை. மனுஷனுக்குத் தெரிந்த முறை செடிக்குத் தெரியாதா என்பது பொன்னுவேலின் கணக்கு.

இந்த வருஷம் சித்திரையில் பெங்களூரில் இருக்கும் முதலாளி, பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு அறை அறையாக விட்டார். வந்தவர்கள் ரோஜாவின் பெயரைக் கேட்டார்கள். பொன்னுவேல் ஒரே செடிக்கு ஒரே வாரத்தில் நான்கு ராணிகளின் பெயரைச் சொன்னார். அவர்கள் ஊருக்குப் போய் போனில் ஒப்பிட்டுப் பார்த்துப் புகார் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு செடிக்கும் விஞ்ஞான முறைப்படி இனம் பிரித்துப் பலகை வைக்க வேண்டும் என்று முதலாளியிடமிருந்து ரைட்டருக்கு உத்தரவு வந்தது. ரைட்டர் தன் அண்ணன் மகள் ஷெர்லினுக்கு போன் போட்டார். அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். கோடை விடுமுறையில் இருந்தாள். பழப்பெட்டி ஒன்றுக்குள் மைக்ராஸ்கோப்பை வைத்து, பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கூட்டி வந்தாள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், இனம் பிரிக்கிற வேலையைத் தான் முன்னமே முடித்துவிட்டதாகச் சொல்லி, பொன்னுவேல் நோட்டைப் பெஞ்சின் மேல் வைத்தார். சூசைமாணிக்கம் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பொன்னுவேலு, இது செக்ரோலா, ஜாதகக் கட்டா?"

"ரெண்டுந்தானுங்க ரைட்டரே. உங்க செக்ரோல்ல வேலைக்கு வராத ஆளுக்கும் பேர் இருக்கும். இதுல அப்படி இல்லீங்க."

கடையில் இருந்தவர்கள் டீயை ஊதுவதை நிறுத்தினார்கள். ரைட்டருக்குக் காது சிவந்தது. சைக்கிளைப் பனியில் சாய்த்த ஆள்தானே என்றார். அப்புறம் ஒன்றுக்கு மூன்று வார்த்தையாக ஏறி, கடைசியில் பொன்னுவேல் எழுந்து நின்று இரண்டு சொன்னார். ஷெர்லின் அம்மிணி எந்த மிஷின் வைத்து எப்படிப் பிரித்தாலும், தான் கோடு போட்ட இடத்தில்தான் அவளும் கோடு போடுவாள். கோட்டுக்கு வலது பக்கம் இருப்பவர்கள் துரைசானிக்குப் பங்காளிகள்தான் என்று அவள் வாயாலேயே சொல்லுவாள். இதில் தப்பினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார்.

தப்பாவிட்டால் நான் மீசை வளர்க்கிறேன் என்றார் சூசைமாணிக்கம். கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அந்த முகத்தில் மீசையை நினைத்துப் பார்த்த டீக்கடைக்காரருக்குப் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

பந்தயச் சேதி பொன்னுவேலுக்கு முன்னால் ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குப்பாயி சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. சரியாக மூன்று வாரத்தில் மகள் வெண்ணிலாவுக்கு நிச்சயம். கிளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது பெற்றவர் செத்தால்தான். சவரம் செய்த மேலுதட்டோடு தாம்பாளத்துக்கு முன் உட்கார்ந்தால், எழவு வீட்டு முகத்தோடு எங்கள் பையனுக்குப் பெண் கொடுக்கிறாயா என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சித்தன் சகுனம் பார்ப்பதில் பெயர் போனவர். பூனை குறுக்கே போனதற்காக வாங்கின பஸ்ஸையே திருப்பிக் கொடுத்தவர் என்று கேள்வி.

"மீசை உங்களுதாவே இருக்கட்டுங்க," என்றாள் குப்பாயி. "புள்ள யாருது?"

பொன்னுவேல் வெறும் சோற்றை உண்டு எழுந்தார். தன் நோட்டில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று முதல் அவர் கை அடிக்கடி மீசைக்குப் போய் வந்தது.

ஷெர்லின் முதல் வாரம் மைக்ராஸ்கோப்பை வெளியே எடுக்கவே இல்லை. கையில் ஒரு சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு செடி செடியாக நின்றாள். பொன்னுவேல் குடை பிடித்தார். ஒரு காம்பில் எத்தனை இலை, காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் சிறகு எப்படி, முள் நேரா வளைவா என்று பார்த்து எழுதினாள். ரோஜாவின் குடும்பம் பெரிது என்றாள். கிழக்குச் சரிவில் நிற்கும் பேரிக்காய் மரம், சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளம்ஸ், தொட்டியில் பழுக்கும் ஸ்ட்ராபெரி, வேலியோரம் பிள்ளைகள் பறித்துத் தின்னும் காட்டு ராஸ்பெரி எல்லாம் ரோஜாவுக்குச் சொந்தம் என்றாள். பொன்னுவேலுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. கிளியூரில் பாதிப் பேர் தனக்குச் சொந்தம், அதில் பேரிக்காய் மாதிரியும் இருக்கிறார்கள், முள் மாதிரியும் இருக்கிறார்கள் என்றார்.

நான்காம் நாள் அவள் ஒரு பூவைக் கவிழ்த்துக் காட்டினாள். பூவின் அடியில் அதைத் தாங்கும் ஐந்து பச்சை இதழ்கள். மொட்டை மூடியிருந்தவை, பூ விரிந்ததும் பின்னால் மடங்குபவை. ஓரத்தைப் பாருங்கள் என்றாள்.

பொன்னுவேல் பார்த்தார். ஓர் இதழின் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய பச்சை மயிர் போலப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றிலும் அப்படியே. வேறு இரண்டில் இரண்டு ஓரமும் மழமழ. மீதி இருந்த ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் மீசை, மறுபக்கம் மழமழ.

ஏதோ ஊனமான பூ என்று நினைத்து அடுத்ததைப் பறித்தார். இரண்டு மீசை, இரண்டு மழமழ, ஒன்று பாதி. அடுத்த செடிக்குப் போனார். அதிலும் அதே. ஒன்றிரண்டு வகையில் ஐந்துமே மழமழ. ஆனால் மீசை உள்ள வகை எதை எடுத்தாலும் இந்தக் கணக்குப் பிசகவில்லை. மொட்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும்போது வெளியே தெரியும் ஓரத்துக்கு மட்டும் பிசிறு முளைக்கிறது, உள்ளே மறைந்த ஓரத்துக்கு முளைப்பதில்லை, ஐந்தாவது ஆளுக்கு ஒரு ஓரம் வெளியே ஒரு ஓரம் உள்ளே என்று ஷெர்லின் சொன்னாள். பொன்னுவேல் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட வராமல் அறுபது எழுபது பூக்களைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷமாக லட்சம் பூவைத் தொட்ட கை. ஒரு பூவையும் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் வாரம் ரைட்டர் ஆபீசின் ஜன்னலோர மேசையில் மைக்ராஸ்கோப் ஏறியது. இனி செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம் இழைகளை எண்ண வேண்டும், இனம் பிரிப்பதற்கு அதுதான் உறுதியான சாட்சி என்றாள் ஷெர்லின். தினமும் காலை எட்டு மணிக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பொன்னுவேல் துளிர் நுனிகளைக் கிள்ளிக் கொண்டுவருவார். அந்த நேரத்தில்தான் செல் பிரியும், இழைகள் தனித்தனியாகத் தெரியும். நுனியை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, இன்னொரு மெல்லிய கண்ணாடியால் மூடி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வழுக்கினால் எல்லாம் குழம்பிவிடும். ஷெர்லினின் விரலுக்கு மூன்றில் ஒன்றுதான் தேறியது. பொன்னுவேல் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். கவாத்துக் கத்தரி பிடித்துப் பிடித்து அகன்றுபோன கட்டைவிரல் அது. கண்ணாடியும் உடையவில்லை, ஒரு செல்லும் இடம் பெயரவில்லை. அதற்கப்புறம் அழுத்தும் வேலை அவருடையதாயிற்று.

முதலில் துரைசானி. பொன்னுவேல் குனிந்து குழாயில் கண்ணை வைத்தார். காட்டுக்கொடி போல ஒன்று கருப்பாகக் குறுக்கே கிடந்தது. இதுதானா இழை என்று கேட்டார். ஷெர்லின் பார்த்துவிட்டு, அது உங்கள் மீசை மாமா என்று சொல்லி, கண்ணாடி மேல் விழுந்திருந்த மயிரை ஊதித் தள்ளினாள்.

மறுபடி குனிந்தார். வட்டமான வெளிச்சத்துக்குள் வெளிறிய அறைகள், பலகணி பலகணியாக. ஒரு அறைக்குள் சிவந்த துணுக்குகள் சிதறிக் கிடந்தன, யாரோ கைப்பிடி சிவப்பரிசியை வீசியது போல. எண்ணினார். விட்டுவிட்டு மறுபடி எண்ணினார். இருபத்தெட்டு.

பக்கத்து அறையை எண்ணச் சொன்னாள். இருபத்தெட்டு. இலையிலும் பூவிதழிலும் வேரிலும் இதேதானா என்று கேட்டார். இதேதான் என்றாள். இந்தச் செடியில் இப்படி எத்தனை அறை இருக்கும் என்றார். நாகலூரிலிருந்து சேலம் வரைக்கும் இருக்கும் எல்லா ஊடுகளையும் எண்ணி, அதைப்போலப் பல லட்சம் மடங்கு என்றாள்.

"அத்தன ஊட்டுலயும் இருபத்தெட்டுப் பேருங்களா?"

"ஆமாங்க மாமா."

"ஒரு ஊட்டுலகூட ஆளு கொறையாதுங்களா?"

"இவ வகையில கொறையாதுங்க."

பொன்னுவேல் வெளியே போய்ப் படிக்கட்டில் துரைசானிக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் ஒன்று கண்டுகொண்டார். எந்தச் செடியை எடுத்தாலும் பதினான்கு அல்லது இருபத்தெட்டு. எல்லாம் ஏழின் கட்டு. சீனத்து ரோஜா ஆனாலும் இமயமலை ரோஜா ஆனாலும் ஏழு ஏழாகத்தான் எண்ண வேண்டும், இடையில் கிடையாது என்றாள் ஷெர்லின். சீமை வேலிகளில் ஒரு காட்டு ரோஜா இருக்கிறது, அதற்கு முப்பத்தைந்து. பிள்ளைக்கு அம்மா பங்கு இருபத்தெட்டு, அப்பன் பங்கு ஏழு. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பிரித்துக்கொள்கிறது.

பொன்னுவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அம்மிணி, இந்த மாதிரி நான்கூட சொன்னதில்லீங்க."

புத்தகத்தில் இருப்பதை அவள் எடுத்துக் காட்டினாள். படமும் போட்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் அன்று டீக்கடைக்குப் போனபோது, இனிமேல் பொன்னுவேல் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துத்தான் மறுக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

கடைசிச் செடி முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நிச்சயம் திங்கட்கிழமை. ரைட்டர் மேசையில் செக்ரோல் நோட்டையும் ஷெர்லினின் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார்கள். ரைட்டர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, ஷெர்லின் எண்ணிக்கையைச் சொன்னாள். இடது பக்கம் இருபத்து நான்கு பெயர். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று கடைசி வரைக்கும் வந்தது. வலது பக்கம் பத்தொன்பது. பதினான்கு, பதினான்கு, பதினான்கு. ரைட்டரின் குரல் போகப் போகக் கோயிலில் வேதம் வாசிக்கும் குரலாக மாறிவிட்டது. ஒரு பெயரும் கோடு தாண்டவில்லை. கோழி இறகும் முள்வாங்கியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷத்தில் ஒருவர் போட்ட கோடும், கண்ணுக்குத் தெரியாததை எண்ணி இன்னொருத்தி மூன்று வாரத்தில் போட்ட கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன. சூசைமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

ஷெர்லின் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு சரிங்க மாமா. ஒரு செடி மாறலை. மொறைதான் மாறியிருக்கு."

விளக்கினாள். துரைசானிக்கு இருபத்தெட்டு. அவள் பிள்ளைக்குப் பாதியைக் கொடுப்பாள், பதினான்கு. எதிரில் வருபவனும் இருபத்தெட்டுக்காரன் என்றால் அவனும் பதினான்கு கொடுப்பான். ஆளுக்கு ஆள் ஜோடி சேரும், காய் பிடிக்கும். வருபவன் பதினான்குக்காரன் என்றால் ஏழுதான் கொடுப்பான். இவள் பக்கத்தில் ஏழு பேர் ஜோடி இல்லாமல் நிற்பார்கள். காய் உதிர்ந்துவிடும். ஆகவே காய் பிடிக்காத பத்தொன்பது பேரும் துரைசானிக்கு எட்டாத தூரத்துச் சனம். காய் பிடித்த இருபத்து நான்கு பேர்தான் அவளோடு ஒரே வகையறா.

பொன்னுவேல் நோட்டை மூடினார்.

"அப்போ இத்தன வருசமா அவளைக் கூடப்பொறந்தவனுகளுக்கே கட்டி வெச்சிருக்கேனுங்க."

சூசைமாணிக்கம் சிரித்திருக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. ஆனால் பொன்னுவேலின் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. பொன்னுவேல் வெளியே போய்த் துரைசானியின் முன்னால் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த ஷெர்லின், ரோஜாவுக்கு அது தப்பு இல்லை மாமா, அவர்களுக்கு அதுதான் முறை என்றாள்.

"நம்ம ஊட்டுல நெருங்கிப்போனா ஆகாது. இவங்க ஊட்டுல நெருங்குனாத்தான் ஆகும்," என்றார் பொன்னுவேல், செடியைப் பார்த்தே. "ஒரே மண்ணு, ஒரே தண்ணி. நொம்பப் பெரிய எடமுங்க இது, அம்மிணி. நான் என்னமோ என் ஊட்டு வாசப்படிய வெச்சு அளந்துட்டு இருந்தேன்."

ரைட்டர் படியிறங்கி வந்தார். கோடு சரியாக இருப்பதால் பந்தயத்தை விட்டுவிடலாம் என்றார், திங்கட்கிழமை விசேஷத்தை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் மீசையைக் கேட்கப் போவதில்லை என்றார். பொன்னுவேல் முடியாது என்று தலையசைத்தார். சைக்கிள் விஷயத்தில் அது சரி. காட்டுமாடு விஷயத்திலும் சரி. துரைசானி விஷயத்தில் வாக்கு தவறினால் அப்புறம் அந்தப் படிக்கட்டில் எப்படிக் கால் வைப்பது என்று கேட்டார். இரண்டு சொன்னேன், ஒன்று சரி, ஒன்று தப்பு. அதற்கு என்ன கணக்கோ அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். துரைசானியின் பூ ஒன்றைப் பறித்து, கவிழ்த்துப் பிடித்து, ஐந்தாவது பச்சை இதழை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் உட்கார்ந்து மூக்குக்குக் கீழே நடுவில் ஒரு கோடு பிடித்தார். வலது பாதியை விட்டுவிட்டு இடது பாதியை எடுத்தார். விழுந்த மயிர் ஒரு முழத் தாம்பாளம் நிறைய இருந்தது என்பார்கள். குப்பாயி வாசலிலிருந்து பார்த்தாள். கிளியூருக்குத் தாய் ஊட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கிட்டே வந்து புருஷனின் வெறும் உதட்டைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"முப்பத்தோரு வருசமா ஒரு மச்சத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

அதன் பிறகு அவள் தட்டுக்கு வெற்றிலை அடுக்கப் போனாள். விருந்தாளிகள் வரும்போது வலது பக்கத்தை மட்டும் காட்டி உட்காரும்படி உத்தரவு போட்டாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஜீப்பில் வந்தார்கள். பொன்னுவேல் சுவரோடு ஒட்டி, ரூபாய் நாணயத்தில் இருக்கும் தலையைப் போலப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வந்த கூட்டத்தில் பாதி அவருக்கு வலது பக்கத்திலும் பாதி இடது பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டது. வலது பக்கம் இருந்த மாப்பிள்ளையின் அப்பா, சம்பந்திக்கு என்ன அருமையான மீசை என்று ஆரம்பித்தார். இடது பக்கம் இருந்த தாய்மாமன் சித்தன், சம்பந்தி ஊட்டில் யார் தவறிப்போனது, எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்றார். ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று நினைத்துச் சற்று நேரம் பேசினார்கள். கடைசியில் சித்தன் எழுந்து வந்து பொன்னுவேலின் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினார்.

வெளியே ஜீப்காரர் பாட்டை நிறுத்தியது உள்ளே கேட்டது. சித்தன் தட்டின் மேல் கை வைத்தார், தூக்கத்தான். அதற்குள் மூலையிலிருந்து சூசைமாணிக்கம் எழுந்து முன்னால் வந்தார். அவருக்கு மூன்று நாள் வளர்ச்சி, நரைத்தது, இடது பக்கம் மட்டும். வலது பக்கம் மழமழ. பந்தயத்தில் பாதி தோற்றவர் நான் என்றார். கிளியூர்க்காரர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உள்ளறை வாசலில் வெண்ணிலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னுவேல் மகளைப் பார்த்தார். கதை சொல்லித் தப்பிக்க அவருக்கு நூறு வழி தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை.

"மாமா, தட்டைத் தூக்கறதுக்கு முன்னால அதுல இருக்கற ரோசாப்பூவுல ஒண்ணக் கவுத்துப் பாருங்க. அடியில அஞ்சு பச்ச எலை இருக்கும். ரெண்டுக்கு முழு மீசை இருக்கும், ரெண்டுக்கு இருக்காது. ஒண்ணுக்குப் பாதி. இல்லீன்னா தட்டோட போங்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

ஓசூரிலிருந்து சேலம் வந்து, சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த ரோஜாக்கள் அவை. பொன்னுவேல் அவற்றைத் தொட்டதுகூட இல்லை. சித்தன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அதை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. தட்டில் இருந்த பதினெட்டும் முடிந்தது. பெண்கள் கொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மாலையைப் பிரித்தார்கள். ஊடு முழுக்க ஆளுக்கொரு பூவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தாயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்களைப் போலக் குனிந்திருந்தார்கள். வெண்ணிலா தன் தலையில் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். பாதி மீசை எது என்று தெரியாமல் அவள் முழித்தபோது, எதிரே நின்ற மாப்பிள்ளை எட்டி விரலால் காட்டினான். பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கடைசிப் பூ சித்தன் கையில் இருந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாப் பூவுலயுமா?"

"இந்த வகையில எல்லாத்துலயுமுங்க."

"நாம பொறக்கறதுக்கு முன்னாலருந்தா?"

"இந்த மலையில மனுசன் ஏறறதுக்கு முன்னாலருந்துங்க."

சித்தன் தன் மீசையின் ஒரு பக்கத்தைத் தொட்டார். அப்புறம் மறுபக்கத்தைத் தொட்டார்.

"யாருங்க இத எண்ணி வெச்சது?"

எதைக் கேட்டாலும் கேட்பதற்கு முன்பே பதில் தயாராக வைத்திருப்பவர் பொன்னுவேல். வாயைத் திறந்தார். அன்றைக்கு அவரிடம் ஒரு கதையும் இல்லை. சூசைமாணிக்கமும் மறுப்பதற்கு ஏதாவது வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தன் அந்தப் பூவைத் தட்டின் நடுவில், கவிழ்த்தபடியே வைத்தார். நல்ல நேரம் போகிறது, தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.